உப்புத் தண்ணி ஊரில் ஒரு மீன்தொட்டி

அக்கா வீட்டிலிருந்து வந்த தொட்டி இது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கூடவே துருப்பிடித்த இரும்பு ஸ்டாண்டு, கரகரவென்று சத்தம் போடும் காற்று மோட்டார், ஒரு பை நிறையக் கலர் கல், மூடி போட்ட வாளியில் மிஞ்சிய மீன்கள். இரண்டு கோல்டு ஃபிஷ், நாலைந்து மோலி, சில கப்பி.

"வாங்கி விட விடச் செத்துக்கிட்டே இருக்குடா தம்பி. தண்ணியெல்லாம் தினமும் ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். தோதுப்பட்டா நீ வச்சுக்க, இல்லாட்டி யாருக்காவது குடுத்துரு" என்றாள். அக்காவுக்குக் கீழக்கரை, எனக்கு உச்சிப்புளி; இரண்டும் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். இரண்டு வீட்டிலும் போர் தண்ணியை வாயில் வைக்க முடியாது.

கோளாறு எங்கே என்பதை அக்காவே சொல்லிவிட்டாள். தினமும் ஊற்றியிருக்கிறாள், ஒருநாளும் இறைக்கவில்லை.

ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் பார்க்கிற பையனிடம் டி.டி.எஸ். மீட்டரை இரவல் வாங்கினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தை, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தோராயமாகக் காட்டும் கருவி. அக்கா வீட்டு போர் தண்ணி 1,500ஐ ஒட்டி நின்றது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம். ஆக அந்த போர் தண்ணியை மீனுக்கு விஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாளியில் மீனோடு வந்த தொட்டித் தண்ணீரில் மீட்டரை வைத்ததும் 3,900 என்று காட்டியது.

எப்படி ஏறியது? கணக்கு எளிது. கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக இந்தத் தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். மூடி இல்லாத தொட்டியில், அதுவும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், நாளுக்கு ஒரு லிட்டர் வரை ஆவியாகிப் போகும். போவது வெறும் தண்ணீர், உப்பு போகாது. அந்த ஒரு லிட்டரை 1,500 காட்டும் தண்ணீரால் நிரப்பினால், ஒவ்வொரு நாளும் ஒன்றரை கிராம் உப்பு புதிதாக உள்ளே விழுகிறது. மாதத்துக்கு 45 கிராம். 50 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 900 மில்லிகிராம் கூடுதல். கொஞ்சம் சுண்ணாம்பாகக் கண்ணாடியில் படிந்துவிடும், மிச்சம் தண்ணீரிலேயே கிடக்கும். வாலிநோக்கத்திலும் திருப்புல்லாணிப் பக்கமும் பாத்தி கட்டி உப்பு எடுக்கிறார்களே, அதே வேலையைத்தான் அக்கா வரவேற்பறையில் செய்துகொண்டிருந்தாள்.

உப்பு மட்டுமல்ல, மீன் கழிவிலிருந்து கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டும் ஆவியாகாது. அதுவும் சேர்ந்துகொண்டே போகும். இங்கே ஒரு வேடிக்கை: மெதுவாக ஏறும் உப்புக்கு உள்ளே இருக்கும் மீன் மெதுவாகப் பழகிவிடும். அதனால்தான் பழைய மோலிகள் பிழைத்துக் கிடந்தன. கடையிலிருந்து வரும் புது மீன் சில நூறு காட்டும் தண்ணீரில் வளர்ந்தது. அதை 3,900க்குள் பையைக் கிழித்துக் கொட்டினால் திடீர் மாற்றத்தில் உடம்பின் உப்பு, நீர்ச் சமநிலை குலைந்து, ஓரிரு நாளில் போய்ச் சேரும். "கடைக்காரன் சீக்கு மீனைத் தலையில கட்டிட்டான்" என்று அக்கா திட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் மேல் தப்பே இல்லை.

இதற்காக மீன்களைத் தூக்கி நல்ல தண்ணீரில் போட்டுவிடவும் கூடாது. ஏறும்போது எப்படியோ, இறங்கும்போதும் அப்படியே. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் பழைய தண்ணீரோடு மீன்களை விட்டு, காலையில் ஒரு செம்பு எடுத்து ஒரு செம்பு புதுசு, சாயங்காலம் அதேபோல என்று மெதுவாகக் குறைத்தேன். மீட்டர் 2,000க்குக் கீழே வந்தபோது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்த கறுப்பு மோலி வாலை விரித்தது. கோல்டு ஃபிஷ் இரண்டையும் அதோடு கைமாற்றிவிட்டேன். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், நிறையக் கழிக்கும், ஒரு சாண் வளரும். இரண்டடித் தொட்டி அதற்கு வீடல்ல. தெருவில் ஒருவர் தோட்டத்தில் சிமென்டுத் தொட்டி கட்டி அல்லி வைத்திருக்கிறார். மர நிழலும் உண்டு. அங்கே போனது.

மீன் டப்பில் இருந்த நாட்களில் தொட்டி வேலை நடந்தது. பின்பக்கக் கீழ் மூலையில் கசிவு. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததால் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. கசிவு என்றால் பலரும் செய்வது, பழைய சிலிக்கான் மேலேயே புதுசை அப்பிவிடுவது. காய்ந்த சிலிக்கானில் புதுசு சரியாகப் பிடிக்காது. உட்பக்க ஓரம் முழுவதையும் பிளேடால் சீவி எடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஆக்கிக்கொண்டுதான் புதிதாக இழுக்க வேண்டும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற பழைய சிலிக்கானைத் தொடக்கூடாது. அதுதான் தொட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது.

ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் கேட்டால் பாத்ரூமுக்குப் போடுகிறதைக் கொடுத்துவிடுவார்கள். அதில் பூஞ்சைக்கு மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. 'அக்வேரியம்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பூசும்போது வினிகர் நெடி அடிக்கும். ஓரத்தில் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் ஒரே இழுப்பாகப் பிதுக்கி, விரலைத் தண்ணீரில் நனைத்து வழித்து, ஈரம் காயும் முன் டேப்பை உரித்துவிட வேண்டும். காத்திருந்து உரித்தால் சிலிக்கானும் கூடவே வந்துவிடும். சிலிக்கான் காய்வதற்குக் காற்றில் ஈரம் தேவை. நம் கடற்கரைக் காற்று உருப்படியாகச் செய்கிற வேலை இது ஒன்றுதான். வினிகர் வாடை சுத்தமாக நிற்கும்வரை தண்ணீர் விடவில்லை. பிறகு முற்றத்தில் வைத்து விளிம்பு வரை நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். தாள் நனையவில்லை.

கண்ணாடியில் கோடு கோடாகப் படிந்திருந்த சுண்ணாம்புக்கு எலுமிச்சம்பழ மூடியும் வெள்ளை வினிகரும். ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட், இரண்டும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. எத்தனை அலசினாலும் மிச்சம் நிற்கும்.

ஸ்டாண்டு துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 65 கிலோவாவது வரும். ரெட் ஆக்சைடு அடித்து ஒப்பேற்றலாம் என்று ஒருவர் சொன்னார். உப்புக்காற்றில் அது எத்தனை நாளைக்கு? பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்திருந்த பனஞ்சட்டங்கள் கொல்லையில் கிடந்தன. ஆசாரியைக் கூப்பிட்டு அதில் ஒரு பெஞ்சு அடித்தாயிற்று. வைரம் பாய்ந்த பனை, கரையானும் தொடாது, உப்பும் ஒன்றும் செய்யாது. மேலே தெர்மாகோல் ஷீட் ஒன்று, அதன்மேல் தொட்டி. ஜன்னலுக்கு எதிரே வைக்கவில்லை. வெயில் நேராக விழுந்தால் பாசி கட்டிப் பச்சைத் தண்ணீர் ஆகிவிடும், சூடும் ஏறும்.

இனி தண்ணீர். நம் பக்கத்தில் வீட்டுக்கு வருவது மூன்று வகை: போர் தண்ணி, குழாயில் முறைவைத்து வரும் காவேரித் தண்ணி, காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணி. கேன் தண்ணியை மட்டும் ஊற்றினால் மீனுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் எதுவும் போதுமான அளவு இருக்காது, தண்ணீரின் அமில, கார அளவைச் சொல்லும் பி.எச். நிலையாக நிற்காமல் திடீரென்று சரியும். வெறும் போர் தண்ணி என்றால் புது மீன் திணறும். நான் போரும் காவேரியும் பாதிக்குப் பாதி. என் வீட்டு போர் 1,500க்குக் கொஞ்சம் கீழே, காவேரி 500க்குக் கீழே. கலந்தால் 900, 1,000 என்று நிற்கிறது. மோலி, கப்பி, பிளாட்டி மூன்றுக்கும் இது தாராளம். மூன்றுமே கடினத் தண்ணீர், அதாவது சுண்ணாம்பும் மக்னீசியமும் கூடுதலான தண்ணீர், பிடித்த குட்டி போடும் இனங்கள். மோலி உவர்நீரிலேயே வாழக்கூடியது. நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீர் மீன். அழகாகத்தான் இருக்கும், இந்த ஊரில் அதை வைத்துக்கொண்டு தண்ணீரோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீனை வைப்பதுதான் என் கட்சி.

காவேரித் தண்ணியில் குளோரின் இருக்கும். வாய் அகலமான டிரம்மில் ஒரு பகலும் இரவும் திறந்து வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து மீன்கடையில் கிடைக்கும். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ஹைப்போ என்று சொல்வார்களே, பெரும்பாலும் அதே சோடியம் தயோசல்பேட்டுதான். திறந்த டிரம் என்றால் டெங்கு கொசு முட்டையிடும், ஆகவே மேலே பழைய வேட்டியைக் கட்டிவிடுங்கள். காற்றும் போகும், கொசுவும் இறங்காது.

கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்து, சல்லடையில் நின்ற பொடிக் கல்லைக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். கடற்கரை மணல் வேண்டாம். அதில் பாதி கிளிஞ்சல் பொடி. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். எந்தக் கல்லிலும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தள்ளி வையுங்கள். பவளப்பாறைத் துண்டு கரையில் கிடக்கிறதே என்று எடுத்து வருகிறவர்கள் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா 1986லேயே வந்துவிட்டது. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. தொட்டி அழகுக்காக வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், காற்று மோட்டாரிலேயே ஓடும். அழுக்கைப் பிடிப்பது அதன் சின்ன வேலை. பெரிய வேலை அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாவுடையது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனைக் கொல்லும், மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் பரமக்குடியில் தொட்டி வைத்திருக்கும் நண்பனிடமிருந்து, ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரின் ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்தேன். காலம் பாதியாகக் குறைந்தது.

நம் ஊரில் அம்மோனியா விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று சாது, ஒன்று விஷம். எது எவ்வளவு என்பதை பி.எச்சும் சூடும் முடிவு செய்கின்றன. தண்ணீர் 30 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ உருவத்தில் இருக்காது. அதே சூட்டில் பி.எச். 8 என்றால் 7 பங்குக்கு மேல். போர் தண்ணியில் 8 சர்வ சாதாரணம். சித்திரையில் 30 டிகிரியும் அப்படியே. பெங்களூருக்காரர் தொட்டியில் சமாளித்துவிடும் அதே அழுக்கு இங்கே மீனை மிதக்கவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு, 30 டிகிரியில் ஏழரை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இரண்டு வேளை கை நிறையத் தீனி போட்டால் எப்படி?

அக்கா மகன் வந்தால் அதைத்தான் செய்வான். "பசிக்குது மாமா அதுக்கு, பாருங்க, என்னையே பார்த்துக்கிட்டு வருது." மீன் எப்போதும் அப்படித்தான் வரும் என்று சொல்லி டப்பாவைப் பிடுங்கி வைக்க வேண்டும். ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரத்தில் ஒருநாள் பட்டினி. கடைத் தீனிக்கு நடுவே கூனி இறால் பொடி போடுகிறேன். கருவாட்டுக் கடையில் உப்புப் போடாமல் காயவைத்த கூனி கேட்டு வாங்கி, ஊறவைத்து இரண்டு முறை அலசி, நுணுக்கிப் போட்டால் மோலி பாய்ந்து வரும். நிறமும் ஏறுகிறது.

சுத்தம் செய்வது வாரம் ஒருமுறை. தொட்டியைக் காலி செய்து மீனை வாளியில் போட்டுக் கல்லையெல்லாம் கழுவும் பெரிய சடங்கு எதுவும் வேண்டாம். அதில் பாக்டீரியாதான் முதலில் போகும். அரை அங்குல டியூப், ஒரு வாளி. டியூப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை விரலால் அடைத்துக் கீழே இறக்கினால் தானாக இழுக்கும், வாயில் உறிஞ்ச வேண்டியதில்லை. நுனியைக் கல்லுக்குள் குத்தி எடுக்க, தவிட்டு நிறத்தில் கசடு புகையாகக் கிளம்பி டியூபுக்குள் ஏறும். தண்ணீர் தெளிந்ததும் அடுத்த இடம். வாளி நிரம்பும்போது 12 லிட்டர், அதாவது கால் தொட்டி, போயிருக்கும். அந்த வாளித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து திரும்ப மாட்டிவிட வேண்டும். குழாயடியில் பிழிந்தால் குளோரின் பாக்டீரியாவை ஒழித்துவிடும். கசடுத் தண்ணீர் முருங்கைக்கு.

இடையில் ஆவியானதை ஈடுகட்ட மட்டும் காவேரித் தண்ணி அல்லது கேன் தண்ணி, போர் கிடையாது. மாற்றுவதற்குக் கலவை, ஈடுகட்ட நல்ல தண்ணீர். இந்த ஒரு விதியை மட்டும் அக்காவிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் அவள் மறுபடியும் தொட்டி வாங்கப் போவதாகச் சொல்கிறாள். மேலே கண்ணாடி மூடி ஒன்றும், ஓரத்தில் விரல் நுழைகிற இடைவெளி விட்டு, போட்டுவிட்டேன். ஆவியாவது நன்றாகவே குறைந்தது, கப்பி துள்ளி வெளியே விழுவதும் நின்றது.

நோய் என்று வந்தது ஒன்றுதான். கார்த்திகை மழையில் ராத்திரிக் குளிர் இறங்கியபோது, புதிதாக வாங்கிய பிளாட்டியின் வாலில் ரவையைத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். தோலுக்கு அடியில் புகுந்துகொள்ளும் ஒட்டுண்ணி அது. மீன் மேல் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, நீந்தி அடுத்த மீனைத் தேடும் சமயத்தில்தான் சாகும். ஆகவே புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்தக்கூடாது. லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு, அயோடின் சேர்க்காதது. மொத்தம் 100 கிராம். தனியே கரைத்து, ஒரு நாளில் மூன்று நாலு தடவையாக ஊற்றினேன். புள்ளி போன பிறகும் இரண்டு வாரம் அப்படியே வைத்து, அப்புறம் வாராவாரத் தண்ணீர் மாற்றத்தில் உப்பைக் குறைத்துக்கொண்டேன். மோலி, கப்பி, பிளாட்டிக்கு இந்த உப்பு ஒன்றும் செய்யாது. செடி இருந்தால் வாடும். இப்போது புது மீன் எது வந்தாலும் முதலில் டப்பில்தான் வாசம். கடைப் பையைச் சூடு சமமாகும்வரை மிதக்கவிட்டு, பிறகு மீனை அதே தண்ணீரோடு சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி, டிரிப் குழாயில் சொட்டுச் சொட்டாக நம் தண்ணீரை விடுகிறேன்.

கரண்ட் போனால் பவர் பேங்கில் ஓடும் யு.எஸ்.பி. காற்று மோட்டார் ஒன்று இருக்கிறது. எந்த மோட்டாரானாலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபில் செக் வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் நின்றதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி மோட்டாருக்குள் இறங்கும்.

"கடலு கூப்பிடு தூரத்துல இருக்கு, கடல்மீனை வளர்க்காம கப்பியை வச்சிருக்கியே" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. அங்கே கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஆசைப்படுகிறவர்கள் அப்படிப் பண்ணையில் பிறந்த மீனைத் தேடலாம். கடலில் பவளப்பாறையில் பிடித்ததை வாங்க வேண்டாம். கடல்குதிரையைத் தொடவே கூடாது, அதுவும் அதே வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. கடல்நீர்த் தொட்டியிலும் ஆவிக் கணக்கு இதேதான்: குறைந்த அளவுக்குக் கடல்நீரை ஊற்றக்கூடாது, உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள தண்ணீரில் தப்புக் கணக்குப் போட்டால் வாரத்துக்குள் தெரிந்துவிடும்.

மருமகனுக்கு ஏஞ்சல் மீன் வேண்டுமாம். இந்தத் தொட்டியில் முடியாது, அதற்கு உயரம் வேண்டும். ஒன்றரை அடி உயரத்தில் வேறொன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். தண்ணீரும் இதைவிட மென்மையாக வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் மாடிக் குழாயில் ஒரு 200 லிட்டர் டிரம்மை இணைக்கப் போகிறேன். முதல் இரண்டு மழையை அப்படியே ஓடவிட்டு, மாடியில் படிந்த உப்புத் தூசியும் காக்கை எச்சமும் கழுவிப் போன பிறகு பிடிக்கிற தண்ணீரில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்துத்தான் மீனுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.